எண் உள்ளவரும் இல்லாதவரும்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் திருவெறும்பூரைக் கடந்தால் துவாக்குடி வரைக்கும் இரும்பின் ஊர்தான். 1965இல் பெல் கொதிகலன் ஆலை தொடங்கிய பிறகு, அதன் வேலையை வாங்கிச் செய்யச் சின்னதும் பெரியதுமாய்ப் பட்டறைகள் முளைத்தன. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ‘ஷட்டவுன்’ வேலைக்குப் போய் வந்த ஒருவராவது இங்கே தெருவுக்குத் தெரு இருப்பார்.

நான் போனது அப்படிப்பட்ட ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்கு. அனல்மின் நிலையங்களில் கொதிகலனை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு வேலைக்கு ஆட்களை அனுப்புகிறார்கள். சென்ற பராமரிப்பைக் குறித்த நாளுக்கு முன்பே, விபத்தின்றி முடித்ததற்காக ஒரு மின்நிலையம் ‘சிறந்த சேவை’ என்று கேடயம் கொடுத்திருந்தது. முதலாளியின் மேசைக்குப் பின்னால், சாமி படங்களுக்குக் கீழே அதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

“கேடயம் சும்மா பார்வைக்குங்க. கூடவே ஒரு லெட்டர் குடுத்திருக்காங்க பாருங்க, அதுதான் காசு” என்றார் அவர். அடுத்த டெண்டரில் முன்தகுதி காட்ட அந்தக் கடிதம் வேண்டும். ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. எனக்குப் பிடித்திருந்தது.

கேடயத்துக்குக் காரணமான வேலையைப் பட்டறையிலேயே செய்து காட்டச் சொன்னேன். கொதிகலனுக்குள் குழாய்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இடங்கள் உண்டு. அங்கே ஒரு குழாய் ஓட்டையானால், அந்தத் துண்டை அறுத்தெடுத்துப் புதுத் துண்டை வைத்துச் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். முன்பக்கம் சரி, பின்பக்கம் கண்ணுக்கே தெரியாது. அதற்குத்தான் கண்ணாடி. உள்ளங்கையளவு கண்ணாடியைக் குழாய்க்குப் பின்னால் சாய்த்து வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே டார்ச்சை நகர்த்துகிறார்கள். பயிற்சிக்காகப் பட்டறையில் நான்கைந்து குழாய்களை நெருக்கமாக நிறுத்தியிருந்தார்கள்.

மூத்த வெல்டர் ஒரு முகமூடியை எனக்கும் நீட்டினார். “கைய பாக்காதீங்க, கண்ணாடிய மட்டும் பாருங்க.”

பார்த்தேன். ஆர்கான் வாயு சீறும் சத்தம். கண்ணாடிக்குள் ஒரு பச்சைப் புள்ளி. அதன் நடுவே மிளகளவு உருகிய உலோகம். டார்ச் பிடித்த கையின் சுண்டுவிரல் குழாயில் ஊன்றியிருக்க, மறுகை கம்பியை அந்தக் குளத்துக்குள் துளித்துளியாக ஊட்டியது. கை தன்னை நோக்கி வந்தால், பிம்பத்தில் அது விலகிப் போகிறது. மூளை ஒன்று சொல்ல, விரல் வேறொன்று செய்ய வேண்டும். டார்ச்சின் டங்ஸ்டன் முனை அந்தக் குளத்தைக் கொஞ்சம் தொட்டாலும் போதும், ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே படத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும்; காற்றுக்குமிழி என்றால் கறுப்புப் புள்ளி. கதிர்வீச்சுக்குப் பயந்து, ஆட்கள் குறைந்த இரவில்தான் படம் எடுப்பார்கள். விடிந்ததும் எந்த ஜாயிண்ட் ‘ரிப்பேர்’ என்று பட்டியல் வரும்.

அந்தப் பட்டியலில் பெயர் இருக்காது, எண் இருக்கும். இந்தத் தொழிலில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிகளின்படி தேர்வில் தேறிய வெல்டர்தான் இந்தக் குழாய்களில் கைவைக்கலாம். அவர் முடித்த ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில் அவர் எண்ணைக் குறிக்கிறார்கள், பதிவேட்டிலும் ஏற்றுகிறார்கள். பழுது வந்தால் பழி யாருக்கு என்பதற்காக வந்த ஏற்பாடுதான். ஆனாலும் எத்தனை ஜாயிண்ட் போட்டார், எத்தனை தேறியது என்பதற்கு அதில் சாட்சி இருக்கிறது. எந்தக் கேடயத்தையும்விட நேர்மையான பாராட்டு அது என்று எனக்குப் பட்டது.

இதைச் சொன்னதும், பக்கத்தில் குழாய் முனையைக் கிரைண்டரில் சாய்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் மெஷினை நிறுத்தினார்.

“வெல்டருக்கு நம்பர் இருக்கு சார். எங்களுக்கு என்ன இருக்கு?”

நியாயமான கேள்வி. இரண்டு குழாய்களும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். உள்விளிம்புகள் மேடுபள்ளமின்றிச் சேர வேண்டும். இவ்வளவையும் செய்து கொடுப்பவர் ஃபிட்டர். “ஃபிட்டப் சரியில்லைன்னா அந்த முருகனே வந்து வெல்டிங் பண்ணாலும் எக்ஸ்ரேல மாட்டிக்கும்” என்றார். மூத்த வெல்டர் மறுக்கவில்லை. இவர்களுக்கும் கீழே கலாசிகள்: சங்கிலிக் கப்பி போட்டுக் குழாயை மேலே ஏற்றுகிறவர்கள், சாரத்தில் தொங்குகிறவர்கள். அவர்கள் பெயர் நுழைவுச் சீட்டில் மட்டும்தான்.

அரசு விருதுகள் இல்லாமல் இல்லை. பிரதமரின் ஷ்ரம் விருதுகள் தொழிலாளிகளுக்கென்றே இருப்பவை. ஆனால் தனியார் நிறுவனம் என்றால் 500 பேராவது வேலை செய்ய வேண்டும் என்பது விதி. துவாக்குடிப் பட்டறைகளில் அந்தக் கணக்கை எட்டுகிறவை எத்தனை இருக்கும்? ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கம்பெனி மாறுகிறவரை எந்த மேலாளர் பரிந்துரைப்பார்? விதி எழுதியவர்கள் பெரிய ஆலையின் வாசலோடு நின்றுவிட்டார்கள்.

கேடயம் வந்த அன்று எல்லோருக்கும் பிரியாணியும் ஆளுக்கொரு டிபன் கேரியரும் கொடுத்தாராம் முதலாளி. யாரும் குறை சொல்லவில்லை. ஃபிட்டர் கேட்டது வேறு. தன் பெயரும் செய்த வேலையும் போட்டு, கம்பெனித் தாளில் ஓர் அனுபவச் சான்றிதழ்.

“வெளிநாட்டுக்கு ஆள் எடுக்குற ஏஜென்ட்டு ஆபீஸ்ல அதத்தான் கேக்குறாங்க. டிபன் கேரியர காட்ட முடியுமா?”

நான் இருக்கும்போதே முதலாளியிடம் பேச்சு போனது. அவர் தயங்கவில்லை, கணினியில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டார். ஆதாரில் உள்ளபடி பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் ஏறின. அனுபவம் என்ற இடத்தில் நின்றது.

“ஒம்பது வருஷம்னு போடும்மா.”

“இருபத்திரண்டுண்ணே.”

“நம்ம கம்பெனியே ஆரம்பிச்சு ஒம்பது வருஷம்தான்யா ஆகுது!”

“அதுக்கு முன்னாடி பாத்ததெல்லாம் வேலை இல்லியா? அந்தக் காண்ட்ராக்டருங்க கம்பெனிய மூடிட்டுப் போயிட்டாங்க, நான் யாருகிட்ட போய் வாங்குறது?”

“ஏஜென்ட்டு விசாரிச்சா நான்ல மாட்டிக்குவேன்.”

அந்தப் பெண் விசைப்பலகையில் கை வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அண்ணே, ஒம்பதுன்னு போட்டுட்டு, அதுக்கு முன்னாடியும் இதே வேலைல இருந்தாருன்னு கீழ ஒரு வரி சேக்கட்டுமா?” என்றாள். ஃபிட்டர் அதற்கும் முழுசாகச் சம்மதிக்கவில்லை.