வெளிச்சத்தின் சாட்சி

பி.காம். படித்த எனக்குக் கார்பன் என்றால் டைப்ரைட்டரில் இரண்டு தாளுக்கு நடுவே செருகுவது. விஞ்ஞானிகளோ கார்பன் அணுக்களாலான ஒற்றை அடுக்குத் தாளைச் சுருட்டினால் நானோ குழாய் என்கிறார்கள். எந்தக் கோணத்தில் சுருட்டுகிறோமோ அதைப் பொறுத்து அது உலோகம், அல்லது குறைகடத்தி!

இத்தனை பொடிசை எப்படி அடையாளம் காண்பது? ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி நட்சத்திரத்தைத் தொடாமலே வெளிச்சத்தை வைத்து ஜாதகம் கணிக்கிறதே, கிட்டத்தட்ட அந்த வித்தைதான். பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் துளியூண்டு நிறம் மாறுவதை 1928-ல் கண்டார் சர் சி.வி. ராமன். நானோ குழாய் மூச்சுவிடுவது போல அதிரும். ஒல்லியென்றால் மூச்சு வேகம். உலோகமென்றால் இன்னொரு கோடு அகலமாகும். லேசரை அடித்தால் இத்தனையும் தெரியும்.

மலைக்குக் கீழே, வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் கீழடிப் பானை ஓட்டின் கறுப்புப் பூச்சை இப்படியும் சோதித்து, அதில் நானோ குழாய்கள் இருப்பதாக 2020-ல் எழுதினார்கள். பானை கி.மு. ஆறாம் நூற்றாண்டுச் சரக்கு.

ஜமுனாமரத்தூர் டீக்கடையில் இதைச் சொன்னதும் நண்பன் மீசையை முறுக்கினான். "பாத்தியாடா, தமிழன் அப்பவே நானோ!"

எனக்கும் பெருமைதான் சார். ஆனால் பூச்சில் என்ன இருக்கிறது என்றுதான் வெளிச்சம் சாட்சி சொல்லும். குயவர் தெரிந்து செய்தாரா என்று சொல்லாது. அவர் பூசியது இன்னும் உரியவில்லையே, அந்தப் பாராட்டு போதாதா? நாம் கொஞ்சம் சேர்த்துவிட்டால், நிஜமாகவே இருப்பதையும் வெளியூர்க்காரன் நம்பமாட்டான்.