தரையேறிய படகில் குடித்தனம்

தமிழர் வரலாற்றில் கடாரம் எனப் பெயர் பெற்ற, மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்த லங்காவித் தீவு, பெரும் புயல்கள் அரிதாகவே எட்டும் 6 பாகை வட அட்சரேகையை ஒட்டி அமைந்திருப்பதாலும், 1987 முதல் தீர்வையற்ற பகுதியாக இருப்பதாலும், நெடும்பயணம் செல்லும் சிறு பாய்மரப் படகுகள் பழுது பார்க்க ஒதுங்கும் இடமாக விளங்குகிறது. அதன் மேற்குக் கரைக்கு அப்பால், படகில் மட்டுமே சென்றடையக்கூடிய ரெபாக் தீவில் ஒரு மரீனா உள்ளது. சென்னைவாசிக்கு மரீனா என்றால் சுண்டலும் மணலும் நினைவுக்கு வரலாமாயினும், இங்கு அச்சொல் உல்லாசப் படகுகள் கட்டணம் செலுத்தித் தங்கும் துறையையே குறிக்கும்.

படகையே வீடாகக் கொண்டவர்கள் பழுது பார்ப்பதற்காக இங்கு அதைத் தரையேற்றும்போது, சக்கரங்கள் பூட்டிய பெரிய பளுதூக்கி, அடிவயிற்றுக்குக் கீழே அகன்ற வார்களைக் கொடுத்துப் படகைத் தூக்கிச் சென்று இரும்பு முட்டுகளுக்கு நடுவே நிறுத்தியதும், அந்த வீட்டுக்குக் கடல் அதுவரை எத்தனை வேலைகளைச் செய்து வந்தது என்பது புலப்படத் தொடங்குகிறது. பாத்திரம் கழுவிய நீர், அடிப்பகுதித் துளை வழியே கடலில் கலப்பதற்குப் பதிலாக, கீழே நின்று சுரண்டிக்கொண்டிருப்பவரின் தலையில் விழுமாதலால், கழுவுதொட்டிக்கு அடியில் ஒரு வாளி வந்து சேர்கிறது. கடல்நீரை இறைத்து இயங்கும் கழிப்பறை பயனற்றுப் போக, நள்ளிரவிலும் மூன்று மீட்டர் ஏணியில் இறங்கிப் பொதுக் குளியலறைத் தொகுதி வரை நடக்க வேண்டியிருக்கிறது; கடல்நீரால் குளிரூட்டப்படும் குளிர்பெட்டியும் ஓய்ந்துவிட, சமையல் அன்றன்றைக்கு வாங்கியதோடு முடிகிறது. நீர் தழுவியிருந்த உடற்பகுதி வெயிலில் காய்வதால், நண்பகலில் உள்ளறை அடுப்பங்கரையாகிவிடுகிறது.

வேலையும் குடித்தனமும் ஒரே இடத்துக்கு மல்லுக்கட்டுகின்றன. படுக்கைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டியும், மாடிப்படிக்குப் பின்னால் எஞ்சினும் இருப்பதால், ஒரு குழாயை மாற்றுவதற்குக்கூட மெத்தை சமையல் மேடைக்கும், அரிசி டப்பாக்கள் மெத்தைக்கும் குடிபெயர்கின்றன.

வெளியே அடிப்பூச்சு இடுவதும் துத்தநாகத் துண்டு பொருத்துவதுமாக நடக்கும் வேலைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. செம்பு கலந்த அடிப்பூச்சு சிறிது சிறிதாகக் கரைந்து பாசியையும் கொட்டலசையும் விலக்குகிறது. சுழலித் தண்டில் பொருத்தும் துத்தநாகத் துண்டோ, தான் முதலில் அரிபட்டு வெண்கலச் சுழலியைக் காக்கிறது. 1824இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி இந்த இரண்டாம் நெறியைக் கொண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க முயன்று வெற்றியும் கண்டார். ஆனால் கரையாத செம்பில் கொட்டலசு தாராளமாகப் படிந்து கப்பல்களின் வேகத்தைக் கெடுத்ததால், கடற்படை அத்திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. அழிவதே தொழிலாகக் கொண்ட பொருளை அழியாமல் காத்ததன் விளைவு அது.

பூச்சுக்கு ஈரமற்ற பரப்பு வேண்டுமாதலால், டிசம்பர் முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்கள் இங்கு அருமையானவை. மற்ற மாதங்களில் பிற்பகல் மழை, காலையில் தேய்த்து வைத்ததை நனைத்துவிட்டுப் போகிறது. கடற்பயண நூல்கள் இத்தகைய காத்திருப்பை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது அதை அனுபவித்தவர்களுக்கு அநியாயமாகவே தோன்றும்.

வேலை முடிந்து மீண்டும் நீரில் இறக்கும் நாளில், முட்டுகள் மறைத்திருந்த சதுரங்களுக்குப் படகு வார்களில் தொங்கும்போதே பூச்சு இடப்படுகிறது. நீரில் இறக்கிய பிறகும் வார்களை உடனே கழற்றுவதில்லை. தரைப்பலகைகளைத் தூக்கி, ஒவ்வொரு துளையின் அடைப்பானையும் விரலால் தடவி, ஈரமில்லை என்று உள்ளிருந்து குரல் வந்த பின்னரே அவை தளர்த்தப்படுகின்றன. அடுத்ததாகப் பெரும்பாலும் கேட்பது, கழுவுதொட்டிக்கு அடியிலிருந்த வாளியை வெளியே எடுத்து வைக்கும் ஓசை.