மருமகளுடன் கல்லடிக்கு

என் தங்கை குவைத்தில் இருக்கிறாள். வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்று பதினொரு வருடங்களாகின்றன. இடையில் மூன்று தடவை மாத்திரமே ஊருக்கு வந்து போயிருக்கிறாள். என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அப்படிப்பட்டவள் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்து, "அண்ணன், அவளோட கல்லடிக்கு நீங்கதான் போகணும். போற வழியில சொல்லிப் பாருங்க. நீங்க சொன்னாக் கேப்பாள்" என்றாள்.

சொல்ல வேண்டியது என்னவென்று விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. மருமகள் க.பொ.த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் பாடத்தை எடுத்துச் சித்தியடைந்து, அதே துறையில் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பித்திருந்தாள். சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலிருந்து உளச்சார்புப் பரீட்சைக்கு வருமாறு கடிதம் வந்திருந்தது. இத்தகைய துறைகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. நேரில் சென்று ஆடியோ பாடியோ நடித்தோ காட்டவேண்டும். தங்கைக்கு இதில் துளியும் விருப்பமில்லை. கல்வியியற் கல்லூரிக்குப் போனால் மூன்று வருடத்தில் ஆசிரியர் நியமனம் என்பது அவளது கணக்கு. அரபு வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு போட்ட கணக்கு அது. பிழையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சரி, நான் கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. என் தகப்பனார் வடமோடிக் கூத்து அண்ணாவியார். ஆட்களைத் தெரிந்து சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிந்து, பின்னர் வட்டக்களரியில் விடிய விடிய அரங்கேற்றுகின்ற அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் மத்தள ஓசை ஓய்ந்ததில்லை. பன்னிரண்டு வயதில் நானும் கட்டியகாரனாக ஆடியிருக்கிறேன். 1990 இல் ஊரை விட்டு ஓடியபோது மத்தளமும் ஏடுகளும் வீட்டோடு போயின. திரும்பி வந்த பிறகு அப்பா கூத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். நான் வந்தாறுமூலையில் கலைமாணிப் படிப்புப் படித்த காலத்தில் இரண்டு நாடகங்களில் நடித்தேன் என்று அவரிடம் சொன்னபோது, "அது சோறு போடாது மகன்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான் மேடையேறவில்லை. பத்திரிகை அவ்வளவாகச் சோறு போடும் தொழிலா என்று கேட்கலாம், கேட்டவர்கள் உண்டு.

ஆனால் அதே அப்பாதான் தம் கடைசிக் காலத்தில் பேத்திக்கு முற்றத்தில் ஆட்டம் பழக்கியிருக்கிறார். பெண்பிள்ளை களரிக்குள் இறங்குவதை எண்ணியும் பார்க்காத மனிதர், தகரப் பேணியில் தாளம் தட்டித் தட்டி அவளுக்கு அடி எடுத்துக் கொடுத்தாராம். 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனங்கள் வாவியைக் கடந்து ஓடியபோது அவள் கைக்குழந்தை. அந்த வருடமே தகப்பனை இழந்தாள். எட்டு வயதில் தாயும் வெளிநாடு போனாள். அம்மம்மாவும் இந்த மூத்தப்பாவும் வளர்த்த பிள்ளை. நான் கொழும்பில் இருந்தபடியால் இவற்றில் எதையும் கண்ணால் கண்டவனல்லன்.

பரீட்சைக்கு முதல்நாள் இரவுப் புகையிரதத்தில் ஏறி விடிய ஊர் போய்ச் சேர்ந்தேன். அவள் ஏற்கனவே வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாகத் தயாராக நின்றாள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் சதங்கை கிடந்து மெதுவாகச் சத்தமிட்டது. மண்முனைத் துறையால் பஸ் வண்டியில் போனோம். 2014 இல் பாலம் வருமட்டும் அங்கே பாதைதான். பாதை எங்கள் கரைக்கு வருமட்டும் வெயிலில் காத்துநின்ற நாட்களை அவளுக்குச் சொன்னேன். அது சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடுவதற்காகச் சொன்ன கதை என்பது எனக்கே தெரிந்தது.

பாலத்தைக் கடந்ததும் அவளே, "மாமா, ஏதாவது கேள்வி கேளுங்க, வாய்மொழியில கேப்பாங்களாம்" என்றாள். பத்திரிகைக்காரனிடம் ஆண்டு விபரம் கேட்கச் சொன்னால் விடுவானா? பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்துகளைச் செம்மைப்படுத்தி மேடையேற்றிய வரிசையைக் கேட்டேன். "கர்ணன் போர் 1962, நொண்டி நாடகம் 1963, இராவணேசன் 1964, வாலிவதை 1967" என்று ஒப்புவித்தாள். இராவணேசன் 1965 அல்லவா என்றேன். "இல்லை மாமா, 64" என்றாள். பிறகு பார்த்தேன், அவள் சொன்னதே சரி. யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கியது 1978. சுவாமி விபுலாநந்தரின் மதங்க சூளாமணி 1926. எல்லாம் விரல் நுனியில் இருந்தன. விடிய விடிய ஆடுகின்ற கூத்தை ஓரிரு மணித்தியாலத்துக்குள் சுருக்கியதால் இழந்தது என்ன என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "நித்திரை" என்றாள். முன் ஆசனத்தில் இருந்த மனிதர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். காத்தான்குடிக் கடைத்தெரு நெரிசலில் பஸ் ஊர்ந்தது. கல்லடி வந்துவிட்டது. நான் இன்னும் தொடங்கவில்லை.

வாசலில் முப்பது நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் இரவோடிரவாகப் பயணம் செய்து வந்தவர்களும் இருந்தார்கள். பெற்றோர் மர நிழலில் கூடிநின்று, பல்வைத்தியருக்குக் காத்திருப்பவர்களைப் போலத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மகனைக் கூட்டிவந்த ஒரு தகப்பன், தம் மகன் காமன் கூத்தில் ரதியாக வேடங்கட்டியவன் என்று எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவரிடம் வெட்கமும் பெருமையும் சேர்ந்தே இருந்தன. போகவர இருவருக்கும் என்ன செலவு என்பதையும் அவரே கணக்குப் பார்த்துச் சொன்னார்.

மருமகளின் பெயரைக் கூப்பிட்டபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. பெற்றோர் உள்ளே போக முடியாது. நான் தண்ணீர் குடிக்கப் போவதைப் போல மண்டபத்தின் பக்கச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன். முதலில் சதங்கை ஒலி கேட்டது. யாரோ தாளத்தில் தட்டிக்கொடுக்க, அவள் ஆடிக்கொண்டே பாடினாள். அப்பாவின் இழுவை அப்படியே இருந்தது. மூச்சு வாங்குகிற இடங்கூட அவருடையதுதான். பிறகு சத்தமில்லை. தயாரித்து வந்த தனிநடிப்பைச் செய்யச் சொல்லியிருப்பார்கள் போலும்.

அடுத்து நான் கேட்டது என் தங்கையின் குரலை.

"சாப்பிட்டியா மகள்... என்ன கறி... அம்மம்மாட கால் எப்பிடி... இரு, மேடம் கூப்பிடுறா..." இடையிடையே நீண்ட மௌனம். திரும்ப, "இருக்கியா மகள்?" என்ற அதே கேள்வி. அவள் தாயைக் கேலி செய்யவில்லை. பதினொரு வருடத் தொலைபேசியை ஐந்து நிமிடத்தில் வைத்துக் காட்டினாள், அவ்வளவுதான். முடிவில் குரல் தாழ்ந்தது. "அண்ணன், போற வழியில சொல்லிப் பாருங்க. நீங்க சொன்னாக் கேப்பாள்."

சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன். அன்றிரவு தாய் என்னுடன் பேசுமுன் அம்மம்மாவிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கவேண்டும். பிள்ளை பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். எதுவானாலும், நான் எதற்காக வந்தேன் என்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் பஸ்ஸில் என்னிடம் கேள்வி கேட்கச் சொன்னாள்.

வெளியில் வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன். "தெரியா மாமா" என்றாள். ஒரு கடையில் இடியப்பம் சாப்பிட்டோம். பிறகு பழைய கல்லடிப் பாலத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பழைய இரும்புப் பாலத்தில் வாகன நெரிசல் இல்லை. நின்று வாவியைப் பார்க்கலாம். அங்கே வைத்துத்தான் அவள் கேட்டாள்: "அம்மா சொன்னதை எப்ப சொல்லப் போறீங்க?"

சொன்னேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். 2017 இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததைச் சொன்னேன். பாடசாலைகளில் நாடகப் பாடத்துக்கு ஆசிரியர் வெற்றிடங்கள் எவ்வளவு சொற்பம் என்பதைச் சொன்னேன். தாய்க்கு இனி அங்கே வேலை செய்ய முழங்கால் இடங்கொடுக்காது என்பதையும் சொன்னேன். அவள் குறுக்கிடவில்லை. கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "நீங்க ஏன் மாமா விட்டீங்க?" என்றாள்.

முப்பது வருடமாக ஆட்களிடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். அப்பா சொன்னதால் விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யுத்தம் என்றும் சொல்லியிருக்கலாம். எங்கள் தலைமுறைக்கு அது கைவசம் இருக்கின்ற விடை. பயந்துபோய் விட்டேன் என்றேன். தலையை ஆட்டினாள். கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்தையும் நிரப்பி வைத்திருப்பதாகவும், இது கிடைக்காவிட்டால் அதற்குப் போவதாகவும், கிடைத்தால் போகமாட்டேன் என்றும் சொன்னாள். இதைத் தாயிடம் நானே சொல்லவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள்.

இரவு தங்கையின் அழைப்பு வந்தது. "சொன்னீங்களா அண்ணன்?"

"சொன்னேன்."

"என்னவாம்?"

மருமகள் சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. பாத்திரம் கழுவும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு, அங்கே பிள்ளை என்ன நடித்தாள் என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று உடனே தோன்றியது. தண்ணீர்க் குழாயை மூடிய சத்தம் கேட்டது.

"என்னையா?" என்றாள்.

"ஓம்."

வெகுநேரம் கழித்து, "நல்லாச் செஞ்சவளா?" என்று கேட்டாள்.