மூன்று செக்கன் பஞ்சமம்

மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் 1960இல் தொடங்கியது. மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த இடம். அதற்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில், வலைப்பந்தாட்டத்தை வைத்து வயலினுக்குத் தனி உருப்படி அமைக்கும் மாணவியைப் பார்க்கப் போனேன்.

பள்ளி அணியில் கோல் சூட்டராக ஆடியவள். 2009இலும் 2018இலும் ஆசியச் சம்பியனான இலங்கை அணியில் ஆடிய தர்ஜினி சிவலிங்கத்தின் புன்னாலைக்கட்டுவன் இங்கிருந்து தூரமில்லை. அவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் இவளும் ஒருத்தி.

பந்து கைக்கு வந்தால் 3 செக்கனுக்குள் எறிய வேண்டும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில். செக்கனுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் ரூபக தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். முதல் தட்டில் பந்தைப் பிடிக்கிறாள். இரண்டில் வளையத்தைப் பார்க்கிறாள். மூன்றில் பந்து போகிறது.

இராகம் ஹம்சத்வனி. தோடியில் காந்தாரம் அசையாமல் நிற்காது. இவளுக்கு வேண்டியது நிற்கும் சுரம். பார்வைக்குப் பஞ்சமத் தந்தியை எடுத்திருக்கிறாள். இடக்கை விரல்கள் நான்கும் தந்திக்கு மேலே சும்மா நிற்கின்றன, வில் மட்டும் நேராகப் போகிறது. 1996இல் ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் கூடைப்பந்து வீராங்கனைகளின் கண்ணசைவைப் பதிவுசெய்தபோது, குறி தவறாதவர்கள் எறியுமுன் பார்வையை ஓரிடத்தில் நீண்டு நிறுத்துவதைக் கண்டார். அந்த நிறுத்தம் இங்கே கமகமே இல்லாத ஒரு கார்வை.

விளையாட்டை இசையாக்குகிறவர்கள் பெரும்பாலும் விசிலையும் கைதட்டலையுந்தான் போட்டு நிரப்புவார்கள். இதில் அவை இல்லாதது எனக்கு நிறைவாக இருந்தது. ஆடுபவளின் மனந்தான் இங்கே விஷயம்.

நடுவில் ஒரு பந்து தவறுகிறது. சுரம் நிஷாதத்தோடு நிற்கிறது, மேல்சட்சத்தைத் தொடவில்லை. கடினம் அடுத்த ஆவர்த்தனத்தில். அதே பிடிப்பு, அதே பார்வை, அதே காலப்பிரமாணம் வரவேண்டும். அவளுடைய வில்லோ அரைத் தட்டு முந்தி ஓடியது. நிறுத்தினாள்.

"விழாட்டிப் பரவாயில்லை அக்கா. அடுத்த பந்துக்கு அந்தரப்படக் கூடாது. கோர்ட்டிலயும் எனக்கு இதுதான் பிரச்சினை."

முடிவில் துரிதகாலச் சுரங்கள் கொஞ்சம் வைத்திருந்தாள். கேட்க இனிமைதான், ஆனால் அதுவரை வெளியே நின்ற கூட்டம் உள்ளே வந்துவிட்டது போலிருந்தது. எடுத்துவிடலாமே என்றேன். தாளைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள். பென்சிலால் அந்த நான்கு வரியையும் வெட்டிவிட்டு, தவறிய பந்திலிருந்து திரும்பத் தொடங்கினாள்.