விரிசலின் நுனி

என்னிடமுள்ள மோட்டார் சைக்கிள் எனது தந்தையார் விட்டுச் சென்றது. 1980களில் யப்பானிலிருந்து வந்த ஹொண்டா சீ 90. அவரும் ஆசிரியர், நானும் ஆசிரியன். இருவரையும் பள்ளிக்குச் சுமந்த அந்த வண்டியின் எஞ்சின் இன்றும் குறை சொல்ல இடமின்றி ஓடுகிறது. கெட்டுப்போனவை அதன் பிளாஸ்ரிக் உறுப்புகளே. ஓட்டுபவரின் கால்களைக் காற்றிலிருந்தும் சேற்றிலிருந்தும் காக்கின்ற முன்மறைப்பில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. பக்கமூடியிலும் ஒரு வெடிப்பு. வீதியிற் பள்ளம் வருந்தோறும் இரண்டும் கடகடவென்று ஓலமிடும்.

புதியது வாங்கிவிடலாமே என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். சொல்வது எளிது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேதான் தனியாருக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில், 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலைகூட ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டாத உயரத்திற்கு ஏறிவிட்டது. இன்று வழி திறந்திருக்கிறது. என்னுடைய பணப்பைதான் திறக்க மறுக்கிறது.

அதுமட்டுமன்று, இந்த வண்டி ஒரு காலத்தின் சாட்சி. 1990இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றபோது, தந்தையார் இதனை மண்ணெண்ணெயில் ஓட்டினார். சிறு போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பார். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். புகையும் நாற்றமும் பொறுக்க முடியாதவை. ஆயினும் வண்டி ஓடியது, பள்ளிக்கூடமும் நடந்தது. உடைந்ததை எறிந்துவிடுவது எங்கள் மக்களுக்கு அன்று எட்டாத ஆடம்பரம்.

ஆகவே, நானே திருத்துவதென்று முடிவு செய்தேன். கடையில் விற்கும் ஒட்டுப்பசை ஒன்றை வாங்கி, விரிசலின் இரு கரைகளையும் சேர்த்து ஒட்டினேன். காய்ந்தபின் கல்லைப்போல் இறுகியிருந்தது. இரண்டாம் நாள், சந்திக்கு அருகேயுள்ள பள்ளத்தில் வண்டி இறங்கிய கணமே பசை முழுவதும் ஒரு தகடாகக் கழன்று வீதியில் விழுந்தது. பிளாஸ்ரிக்கின்மேல் அது பட்ட சுவடுகூட இல்லை. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் கற்றவன் நான். அந்தத் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றபோது சிறிது வெட்கமாகவே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பருத்தித்துறை வீதியோரத்திலிருந்த ஒரு கராஜுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். எண்ணெய்க் கறை படிந்த காற்சட்டையோடு வெளியே வந்த இளைஞன் என்னைக் கண்டதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வாங்கோ சேர்" என்றான். முகம் தெரிந்தது. பெயரும் உடனே நினைவுக்கு வந்தது. அந்தப் பெயரோடு சேர்ந்து வந்த நினைவு என்னை உறுத்தியது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அவன் முன்மறைப்பைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "பசை போட்டனீங்களோ சேர்? இது ஒட்டாத சாதி" என்றான். பிறகு அதன் உட்புறத்து விளிம்பிலிருந்து நகக்கண்ணளவு துண்டொன்றைச் சீவி, ஒரு கிண்ணத் தண்ணீரிற் போட்டான். அது மிதந்தது. பக்கமூடியிலிருந்து இன்னொரு துண்டைப் போட்டான். அது மூழ்கியது. "மிதக்கிறதுக்குச் சூடு. தாழுறதுக்கு அசற்றோன்" என்று முடிவு சொன்னான். பக்கமூடியின் பின்புறத்தில் ஒரு துளி அசற்றோனை விட்டு விரலால் தொட்டுக் காட்டினான். அந்த இடம் பிசுபிசுத்தது. முன்மறைப்பில் விட்ட துளியோ ஒன்றும் செய்யாமல் உலர்ந்துபோயிற்று.

முன்மறைப்பு பொலிஎதிலீன் இனத்தது. அதன் அடர்த்தி தண்ணீரினதைவிடக் குறைவு. அதன் மேற்பரப்பில் எந்தப் பசையும் எளிதில் பற்றாது. பக்கமூடி ஏ.பீ.எஸ். எனப்படும் பிளாஸ்ரிக், தண்ணீரைவிடச் சற்று அடர்ந்தது, அசற்றோனிற் கரைவது. இதையெல்லாம் நான் அறிவேன். அடர்த்தியைப்பற்றிப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். ஆனால் ஒரு நாளாவது ஒரு கிண்ணத் தண்ணீரை வகுப்பறைக்குள் கொண்டுபோனதில்லை.

சாதி என்று அவன் சொன்ன சொல்லைப்பற்றியும் ஒன்று கூற வேண்டும். கராஜில் எல்லாப் பொருளுக்கும் சாதி உண்டு. ஆணிக்கு ஒரு சாதி, எண்ணெய்க்கு ஒரு சாதி. பிளாஸ்ரிக்கின் சாதியை ஒரு கிண்ணத் தண்ணீர் சோதித்துச் சொல்லிவிடும். மனிதனின் சாதியைச் சொல்ல எந்தத் தண்ணீராலும் முடியாது. முடியாதென்பதனாலேதான் எங்கள் முன்னோர் கிணற்றுக்கும் தேநீர்க் கடைக்கும் காவல் போட்டார்கள் போலும். கையாற் செய்யும் தொழிலை இழிவென்று கருதும் எண்ணமும் அந்தக் காவலின் மிச்சமே. அந்த மிச்சம் என்னிடமும் இருந்தது.

இந்த வண்டியின் மூதாதையை ஹொண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்டது. முன்மறைப்பைத் தகரத்தில் அடிக்காமல் பொலிஎதிலீனில் வார்த்தெடுத்தது அன்றைக்குப் புதுமை. எடை குறைந்தது, துருப்பிடிக்கவில்லை, விலையும் தாழ்ந்தது. சாதாரண மக்கள் வாங்கத்தக்க வண்டியாக அது உலகமெங்கும் பரந்தது. 2017இல் அந்தக் குடும்பத்து வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. ஆனால் வெயிலின் புறஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கிற் படும்போது பிளாஸ்ரிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுந்து, வளைந்து கொடுத்த பொருள் நொறுங்கும் பொருளாகிவிடுகிறது. அத்தகைய பழம் பிளாஸ்ரிக்கைத் திருத்துவது எப்படி என்பதை எந்தத் தொழிற்சாலையும் சொல்லித் தரவில்லை. வீதியோரத்துக் கைகளே கண்டுபிடித்தன.

அவன் வேலையைத் தொடங்கினான். முதலிற் சவர்க்காரத் தண்ணீரிற் கழுவி உலர்த்தினான். பிறகு விரிசலை மெதுவாக வளைத்து, அதன் நுனியைத் தேடினான். நான் சுட்டிய இடம் நுனியன்று. "கண்ணுக்குத் தெரியிறதுக்கு அங்காலயும் போயிருக்கும் சேர்" என்று சொல்லி, மயிரிழைபோல் மேலும் அரை அங்குலம் சென்றிருந்ததைக் காட்டினான். அந்த உண்மையான நுனியில் 3 மில்லிமீற்றர்த் துளையொன்று இட்டான்.

உடைந்த பொருளை மேலும் துளைப்பதா என்று பார்ப்பவர் கேட்கக்கூடும். 1913இல் இங்கிலிஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலறிஞர் இதன் கணிதத்தை வெளியிட்டார். வெடிப்பின் நுனி எவ்வளவு கூர்மையோ, அவ்வளவுக்கு அங்கே தகைப்பு பெருகும். பரந்த தகட்டில் இலேசாக இருக்கும் விசை ஊசிமுனை போன்ற இடத்திற் பன்மடங்காகத் திரண்டு பொருளைக் கிழிக்கிறது. நுனியை வட்டமாக்கினால் அந்தத் திரட்சி தளர்ந்து, விரிசல் நின்றுவிடும். நான் நூலிற் படித்ததை அவன் விரலாற் படித்திருந்தான்.

பின்னர் விரிசலின் உட்புறக் கரைகளை ஆங்கில 'வீ' எழுத்தைப் போலச் சீவினான். எஞ்சின் எண்ணெய் வந்த வெறுங்கலம் ஒன்றைக் கழுவி, மெல்லிய கீற்றுகளாக வெட்டி வைத்திருந்தான். அதுவும் பொலிஎதிலீனே. துருவேறாத கம்பிவலைத் துண்டொன்றை விரிசலின்மேல் வைத்து, பற்றாசுக்கோலினால் அழுத்தி உள்ளே புதைத்தான். கீற்றை உருக்கி அதன்மேல் நிரப்பினான். மறைப்பின் பிளாஸ்ரிக்கும் கீற்றும் ஒருங்கே உருகிக் கலக்க வேண்டும், கருகிவிடக் கூடாது. "புகை வந்தால் பிழை சேர். பளபளக்கேக்க நிப்பாட்ட வேணும்" என்றான்.

பக்கமூடிக்கு வேறு வைத்தியம். உடைந்து சேர்த்து வைத்திருந்த ஏ.பீ.எஸ். சில்லுகளை ஒரு கண்ணாடிப் போத்தலில் அசற்றோனில் ஊறவிட்டுக் கூழாக்கியிருந்தான். அந்தக் கூழை மெல்லிய படையாகப் பூசி, காயவிட்டு, மீண்டும் பூசினான். அசற்றோன் ஆவியாகும்போது கூழ் சுருங்குவதால் ஒரே தடவையில் நிரப்பினால் குழி விழும். ஒரு நாள் முழுவதும் இறுகிய பின்னரே அரத்தாளால் தேய்க்கலாம்.

அந்தச் சிறிய கொட்டகையில் யன்னல் இல்லை. அசற்றோனின் ஆவி தலையைச் சுற்றச் செய்தது. அது எளிதிற் தீப்பற்றுவது. சூடான பற்றாசுக்கோலோ அதே மேசையில் இருந்தது. வேறு வண்டிகளின் ஏ.பீ.எஸ். உறுப்புகளை உருக்கும்போது வரும் புகை சுவாசத்துக்கு ஆகாதது. முகமூடி இல்லையா என்று கேட்டேன். சிரித்தான். சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தான். நாட்கூலி; வராத நாளுக்குக் காசில்லை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இந்நாட்டில் நிறைவேறியதும் 1958இலேதான். அவ்வாண்டு யப்பானிற் பிறந்த வண்டியின் வழித்தோன்றல் எங்கள் ஊர் ஒழுங்கைவரை வந்து சேர்ந்துவிட்டது. அதே ஆண்டு கொழும்பிற் பிறந்த சட்டம் இந்தக் கொட்டகைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது நான் முன்னர் ஒத்திவைத்ததைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் இவன் என் வகுப்பில் இருந்தான். ஒரு தவணைப் பரீட்சையில் அடர்த்திபற்றிய கணக்குகள் எல்லாவற்றையும் பிழையாகச் செய்திருந்தான். விடைத்தாளை அவன் மேசையில் எறிந்து, "உனக்குக் கராஜ்தான் சரி" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அடுத்த தவணை அவன் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கும் அமரவில்லை. ஏன் வரவில்லையென்று விசாரிக்க நான் அவன் வீட்டுக்குப் போகவும் இல்லை.

கூழ் காயும் நேரத்தில் அதைச் சொன்னேன். "தம்பி, அண்டைக்கு வகுப்பில நான் சொன்னது பெரிய பிழை. என்னை மன்னிக்க வேணும்" என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, போத்தலின் மூடியை இறுக்கியபடி, "நீங்கள் சொல்லாட்டிலும் நான் நிண்டிருப்பன் சேர். அப்பா செத்து மூண்டு மாசம். தங்கச்சி ரெண்டு பேர்" என்றான். சற்றுப் பொறுத்து, "ஆனா, அண்டைக்கு எல்லாரும் சிரிச்சவை" என்றான்.

அவன் என்னைக் குற்றவாளி என்றும் சொல்லவில்லை. விடுதலை செய்யவும் இல்லை. முன்மறைப்பை மீண்டும் பூட்டும்போது விரிசலின் மூல காரணத்தையும் காட்டினான். கல்லடியால் வந்த உடைவன்று அது. ஆணித் துளையில் இருக்க வேண்டிய றப்பர் வாசரை யாரோ தொலைத்துவிட்டு, அது இல்லாமலே ஆணியை இறுக்கியிருக்கிறார்கள். எஞ்சினின் அதிர்வு முழுவதும் நேரே பிளாஸ்ரிக்கில் இறங்க, துளையின் ஓரத்தில் வெடிப்புத் தொடங்கியது. புதிய வாசரை இட்டு, ஆணியைக் கையளவாக மட்டும் இறுக்கினான். அந்த வாசரைத் தொலைத்தவன் நானேதான் என்பது எனக்குத் தெரியும்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே எண்ணினேன். பாரம் மட்டும் இருந்தால் பொருள் உடனே உடைவதில்லை. கூரிய ஒரு நுனியும் வேண்டும். வறுமை அவன்மேல் ஏறிய பாரம். அதை நான் உண்டாக்கவில்லை; இந்தச் சமுதாய அமைப்பு உண்டாக்கியது. ஆனால் அந்தப் பாரம் திரண்டு கிழித்த கூரிய நுனி என் சொல். அமைப்பைக் குற்றஞ்சாட்டுவது எங்களைப் போன்ற முற்போக்கு ஆசிரியர்களுக்கு எளிது, அது உண்மையுங்கூட. எனினும் அமைப்பு பெரும்பாலும் ஒரு மனிதரின் வாயாலேதான் பேசுகிறது. வகுப்பறையில் அந்த வாய் நம்முடையது.

2013இல் உயர்தரத்திற்குத் தொழினுட்பப் பிரிவு வந்தது. கையையும் மூளையையும் இணைக்கும் கல்வி என்று மேடைகளிற் பேசினோம். நானும் பேசினேன். பிறகு வகுப்பறைக்குத் திரும்பி, பின்வாங்கில் இருப்பவனிடம் பழைய எச்சரிக்கையையே வேறு சொற்களிற் கூறினோம். படிக்காதவன்தான் கைத்தொழிலுக்குப் போவான் என்று நாம் கூறும்வரை, பாடத்திட்டத்தில் எத்தனை பிரிவு சேர்த்தாலும் அது பசை பூசும் வேலைதான். முதற் பள்ளத்திலேயே கழன்றுவிடும்.

மறுநாள் அதிபரிடம் போய், இந்த இளைஞனை எனது பத்தாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்த அழைக்க அனுமதி கேட்டேன். பயிற்றப்பட்டவரா என்ற கேள்வி வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பயிற்றப்பட்டவர் என்றேன். தயக்கத்தோடு அனுமதி கிடைத்தது. அவனிடம் சொன்னபோது உடனே பதில் கூறவில்லை. அந்த வகுப்பறைதானா என்று மட்டும் கேட்டான். அந்த வகுப்பறைதான் என்றேன். என் பிழையை அந்தப் பிள்ளைகளின் முன்னிலையில் முதலில் நான் சொல்லிவிடுவதாகவும் கூறினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறான். ஒரு கிண்ணம், ஒரு பழைய பக்கமூடி, அசற்றோன் போத்தல் ஆகியவற்றை அவன் கொண்டுவருவான். தண்ணீர் நான் எடுத்து வைக்க வேண்டும். ஒரு நிபந்தனை மட்டும் விதித்திருக்கிறான்: பிள்ளைகள் சுவாசிப்பதால் யன்னல்களையெல்லாம் திறந்து வைக்க வேண்டுமாம்.