இருபது சிப்பம் நெல்லுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் சாலையில் கிழக்கே போனால், புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலைத் தாண்டியதுமே இரண்டு பக்கமும் வயல் தொடங்கிவிடும். சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, நீடாமங்கலம் என்று ஊர்ப் பெயர்தான் மாறும்; பச்சை மாறாது. அக்டோபரில் மட்டும் இந்தச் சாலைக்கு வேறு முகம். ஒரு வயலில் குறுவை அறுவடை மெஷின் ஓடும். அடுத்த வயலில் சம்பா நடவு நடக்கும். சாலையோரம் நெல்லைக் கொட்டிக் காயவைத்துவிட்டு, மேகத்தையும் தார்ப்பாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுப்பார்கள் என்பது பொது விதி. ஒரு மழை போதும், கணக்கு மாறிவிடும்.

இந்தப் பக்கத்தில் பெரிய செலவு எதுவானாலும் சிப்பத்தில்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு சிப்பம் 40 கிலோ. 2025-26 பருவத்துக்குச் சன்ன ரக நெல்லுக்கு தமிழக அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். அப்படியென்றால் ஒரு சிப்பம் 1,018 ரூபாய். பைக் டியூ இத்தனை சிப்பம், காலேஜ் ஃபீஸ் இத்தனை சிப்பம் என்று பேச்சு போகும். அம்மாப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அப்படித்தான் அப்பா கேட்டார். "இருபது சிப்பம் வெலைக்கு அப்புடி என்னடா அட்டை அது?"

நியாயமான கேள்வி. நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் இன்று கேட்கிற பொருள்தான் கிராபிக்ஸ் கார்டு. அது ஏன் வேண்டும், எவ்வளவு போடலாம், எங்கே வாங்கலாம் என்று பார்க்க அந்தத் தம்பியோடு இரண்டு நாள் சுற்றினேன்.

நடவு ஆட்களைப் போல

தம்பி கல்யாண வீடியோ எடிட்டர். தஞ்சாவூர், கும்பகோணம் ஸ்டுடியோக்கள் எடுக்கும் வீடியோக்களை ஹார்டு டிஸ்க்கில் வாங்கிவந்து, வீட்டிலேயே எடிட் செய்து கொடுக்கிறார். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்த வேலையை அதற்குள் முடித்தாக வேண்டும். தை பிறந்துவிட்டால் மறுபடி தலைக்கு மேல் வேலை.

"ஒரு மணி நேர வீடியோ எக்ஸ்போர்ட் ஆக ராத்திரி பூரா ஓடுது அக்கா. விடியக்காலையில கரண்டு போச்சுன்னா முதல்லேருந்து வரணும்."

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிராசஸர், சிக்கலான வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற கெட்டிக்காரர். ஆனால் வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமிலும் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே மாதிரி நிறம் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு கெட்டிக்காரர் போதாது. வயலில் இருபது பேர் வரிசையாக இறங்கி நடவு நடுவதைப் போல, எளிய வேலையை ஒரே நேரத்தில் பிரித்துச் செய்ய ஆட்கள் வேண்டும். கிராபிக்ஸ் கார்டு அந்த நடவு ஆட்கள். கேம் விளையாடுவதற்கும் அதே ஆட்கள்தான். கட்டட வரைபடம், முப்பரிமாண டிசைன், ஏஐ பயிற்சி எல்லாவற்றுக்கும் அதேதான். 2024 செப்டம்பரில் தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் மினி டைடல் பூங்கா திறந்த பிறகு, ஊரை விட்டுப் போகாமலே கம்ப்யூட்டர் வேலை என்ற ஆசை இங்கே பல வீடுகளில் முளைத்திருக்கிறது.

யூடியூப் பார்த்து தம்பி மனசில் வைத்திருந்தது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. கிடைக்காவிட்டால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. இரண்டும் நல்ல கார்டுகள்தான். பழைய ஸ்டாக்கோ, செகண்ட் ஹேண்டோ, கொஞ்சம் பேரம் பேசினால் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் வரும் என்பது அவர் கணக்கு.

மூடியைத் திறந்தோம்

கடைக்குப் போவதற்கு முன்னால் அவருடைய கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொன்னேன். உள்ளே வைக்கோல் தூசி படிந்திருந்தது. அறுவடைக் காலத்தில் ஜன்னலோரம் வைத்த கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

அது 'கம்பெனி சிஸ்டம்'. ஐடி நிறுவனங்கள் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப்புகளை மொத்தமாக வாங்கி, சுத்தம் செய்து விற்பார்கள். டெல்டா ஊர்களில் பல எடிட்டிங் டேபிள்களில் இதுதான் இருக்கிறது. எட்டாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம். குறை சொல்ல முடியாத இன்ஜின். அதன் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருந்த லேபிளைத் துடைத்துப் பார்த்தோம். 300 வாட்.

கதை திரும்பிய இடம் இதுதான். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் வரை இழுக்கும். அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. ஆர்எக்ஸ் 6600 இழுப்பது 132 வாட். மதர்போர்டு ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைக்கும் கரண்டு அதிகபட்சம் 75 வாட்தான். அதற்கு மேல் வேண்டுமானால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 6 பின் அல்லது 8 பின் வயர் தனியாக வர வேண்டும். இந்த சிஸ்டத்தில் அந்த வயரே கிடையாது.

'எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடலாமே' என்று தோன்றும். சாதாரண கேபினட் என்றால் மாற்றலாம். கம்பெனி சிஸ்டங்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் வேறு, மதர்போர்டில் செருகும் பின்னும் வேறு. கடைசியில் கேபினட், மதர்போர்டு வரை மாற்ற வேண்டி வந்துவிடும்.

அப்பா திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டுத்தானேம்மா விதை எடுப்போம்?" என்றார்.

அதற்கு மேல் நான் விளக்க எதுவுமில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2024-ல் நீர் இல்லாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அந்த வருஷம் போர்வெல் வசதி இல்லாதவர்கள் குறுவையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எந்த ரகம் நல்ல மகசூல் தரும் என்பது அப்புறம். வாய்க்காலில் எவ்வளவு வரும் என்பதுதான் முதல் கேள்வி. கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பிஎஸ்தான் வாய்க்கால்.

வீட்டுக்கு வரும் கரண்டையும் பார்த்தோம். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது கிராமத்தில் புதிதல்ல. கம்ப்யூட்டர் மாட்டியிருந்த பிளக்கில் எர்த் வயர் சரியாக இல்லை. முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்தார்கள். டேபிளுக்கு அடியில் இருந்த 600 விஏ யுபிஎஸ், பேட்டரி போய் வெறும் பெட்டியாக நின்றது.

தஞ்சாவூர் கடைகளில்

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இர்வின் பாலம், காந்திஜி சாலை என்று நடந்தோம். பாலத்துக்கு அடியில் கல்லணைக் கால்வாய் ஓடுகிறது. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ல் பயன்பாட்டுக்கு வந்த இந்தக் கால்வாய்க்குத் தஞ்சாவூர்க்காரர்கள் வைத்த பெயர் புது ஆறு. தொண்ணூறு வருஷம் கழித்தும் புது ஆறுதான். கம்ப்யூட்டர் கடையில் 'புது கார்டு' என்ற சொல்லும் கொஞ்சம் அப்படித்தான் என்பது அடுத்த அரை மணி நேரத்தில் தெரிந்தது.

முதலில் போன கடையில் ஜிடி 730 எடுத்து வைத்தார்கள். "4 ஜிபி தம்பி, விலையும் கம்மி." பெட்டி பிரிக்காதது. ஆனால் அந்தச் சிப் 2014-ல் வந்தது. எட்டாம் தலைமுறை பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸைத் தாண்டி எடிட்டிங்குக்கு அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஜிபி என்பது களத்துமேட்டின் அளவு மட்டும்தான். வேலை செய்யும் ஆட்கள் எத்தனை பேர், எத்தனை வேகம் என்பதை அது சொல்லாது. சிப்பின் பெயரையும் அது வெளிவந்த வருஷத்தையும் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொரு கடையில் வேறு யோசனை சொன்னார்கள். "கன்வெர்ட்டர் கேபிள் போட்டு 6600 ஓட்டிக்கலாம்." ஹார்டு டிஸ்க்குக்கான வயரிலிருந்து கரண்டு எடுத்துக் கார்டுக்குக் கொடுப்பது இது. இரண்டு அங்குல மடை வழியாக ஆற்றையே திருப்புகிற வேலை. வயர் சூடாகி உருகலாம். கரண்டு ஏறி இறங்கும் ஊரில், இரவெல்லாம் ஓடும் சிஸ்டத்தில் இது வேண்டாம்.

மூன்றாவது கடைக்காரர் முதலில் கேட்டதே, "எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் தம்பி?" என்றுதான். போனில் எடுத்திருந்த லேபிள் படத்தைக் காட்டினோம். பார்த்துவிட்டு, ஆர்டிஎக்ஸ் 3050-ல் 6 ஜிபி மாடல் என்றார். 2024-ல் வந்த இந்த கார்டு 70 வாட்டில் ஓடும். பெரும்பாலான மாடல்களுக்குத் தனி வயர் வேண்டாம், ஸ்லாட்டில் செருகினால் போதும். 300 வாட் எஸ்எம்பிஎஸ் இருந்தால் சரி. வேகத்தில் 3060-ஐ எட்டாது. ஆனால் வீடியோவை வாசிக்கவும் எழுதவும் கார்டுக்குள் தனிப் பகுதி இருக்கிறது. எடிட்டருக்கு அதுதான் சோறு. விலை பதினாறாயிரத்தை ஒட்டி. 18 சதவிகித ஜிஎஸ்டி அதற்குள் அடக்கம்.

சென்னைக்குப் போகலாமா?

தம்பிக்கு இன்னும் ஓர் ஆசை பாக்கி இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட். இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னை. அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருவில் கிடைக்காத கம்ப்யூட்டர் பாகம் இல்லை. புதிதாக முழு சிஸ்டம் அசெம்பிள் செய்பவர்களுக்குப் போய்வருவது லாபம்தான். ஒரே ஒரு கார்டுக்கு, மிச்சமாகும் பணம் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். பிரச்னை வந்தால் மறுபடி அதே ரயில். இங்கே பில்லோடு வாங்கினால் வாரன்டிக்கு டவுன் பஸ் போதும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு விலை குறைவாகக் கிடைக்கும். அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அந்த நாணயத்துக்காக இரவும் பகலும் ஓடிய கார்டுகள் தேவையில்லாமல் போய், உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்து சேர்ந்தன. அதில் ஒன்று உங்கள் கைக்கும் வரலாம். அதனால் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, 2025 அக்டோபரோடு ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ, 1060 போன்ற பழைய கார்டுகளுக்கு வழக்கமான டிரைவர் அப்டேட்டை என்விடியா நிறுத்திக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். வேலைக்காக வாங்குகிறவர்கள் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

கேமராவையும் கேட்க வேண்டும்

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை பாக்கி இருந்தது. இப்போதைய கேமராக்கள் சில, 10 பிட் 4:2:2 என்ற முறையில் வீடியோ பதிவு செய்கின்றன. நிறத்துக்கு நல்லது. ஆனால் ஆர்டிஎக்ஸ் 3050-க்குள் இருக்கும் வீடியோ பகுதிக்கு அதை வாசிக்கத் தெரியாது. என்விடியாவில் 50 வரிசை கார்டுகளில்தான் அந்த வசதி வந்தது. தம்பிக்கு வரும் வீடியோ எந்த வகை என்று மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தோம். பெரும்பாலும் சாதாரண 8 பிட் 4:2:0. பிரச்னை இல்லை. எப்போதாவது மற்றது வந்தால் ப்ராக்ஸி, அதாவது சின்ன அளவு நகல் செய்து எடிட் செய்துகொள்ளலாம். அதற்குக் காசு வேண்டாம். கார்டு வாங்க வசதி இல்லாத எடிட்டர்கள் இன்றே செய்து பார்க்கலாம்.

வாங்கியது ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. மிச்சப் பணத்தில் இன்னொரு 8 ஜிபி ரேமும், யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரியும். மொத்தமும் அந்த இருபது சிப்பக் கணக்குக்குள் அடங்கியது. இப்போது ஒரு மணி நேர வீடியோ எக்ஸ்போர்ட்டை இரவுச் சாப்பாட்டுக்கு முன் போட்டால், படுக்கப் போவதற்குள் முடிந்துவிடுகிறது என்கிறார் தம்பி. மின்விசிறியோடு கம்ப்யூட்டரும் விடியவிடிய இரைந்துகொண்டிருந்த அறையில் இப்போது அவருடைய அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தால், கடைக்குப் போவதற்கு முன் போனில் நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் லேபிள், அதிலிருந்து வரும் வயர்கள், மதர்போர்டின் நீள ஸ்லாட், கார்டு உட்கார வேண்டிய இடத்தில் டேப் வைத்து அளந்த நீளம். கடைக்காரர் "எந்தக் கார்டு வேணும்?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் அந்த நான்கு படங்களையும் காட்டுங்கள். படத்தைப் பார்க்காமலே பெட்டியை எடுத்து வைக்கிற கடை என்றால், அடுத்த கடைக்குப் போங்கள்.