கோடு இழுக்கப் பழகுறேன்

எங்க பக்கம் டிராக்டர் டிரைலரோ, ரேக்ளா வண்டியோ, பழைய புல்லட்டோ, பெயின்ட் அடிச்சு முடிச்சதும் ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு இழுத்தாத்தான் வேலை முடிஞ்ச மாதிரி. ‘லைன் போடுறது’ன்னு சொல்லுவோம். வெளிநாட்டுல இதுக்குப் பேரு பின்ஸ்டிரைப்பிங். அமெரிக்காவுல 1950-கள்ல வான் டச்னு ஒருத்தர் கார், பைக் மேல இந்தக் கோட்டைப் போட்டே பேர் வாங்கினார். ரோல்ஸ் ராய்ஸ் காரோட பக்கவாட்டுக் கோட்டை இன்னைக்கும் கையாலதான் இழுக்கிறாங்க.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1955-ல இருந்து மெட்ராஸ்ல தயாராகுற என்ஃபீல்டு புல்லட்டோட டேங்க்கைப் பாருங்க. அந்தத் தங்கக் கலர் கோட்டை ஜெயக்குமார், கிஷோர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் பிரஷ்ஷால இழுத்து உலகம் பூரா பேர் வாங்கியிருக்காங்க. அதுக்கு ‘மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ்’னே பேர்.

எனக்குச் சொல்லித் தர்றவர் பக்கத்து ஊர்ப் பெயின்டர் அண்ணன். எழுபது வயசு தாண்டிருச்சு. கண்ணு மங்கிட்டு வருது. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைக்குப் போயிட்டான். “அண்ணா, எனக்குச் சொல்லித் தாங்க”ன்னு கேட்டேன். “ஏனப்பா, இந்த வயசுல வேற வேலை இல்லையா?”ன்னு சிரிச்சார். மறுநாள் காலையில அவரே ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியைத் தூக்கிட்டு வந்துட்டார்.

பழகுறதுக்குக் கண்ணாடிதான் நல்லது. இழுத்த கோட்டைத் துணியால துடைச்சுட்டு மறுபடி இழுக்கலாம். பெயின்ட் செலவு அதிகம் ஆகாது.

பிரஷ் அணில் முடியில செஞ்சது. பிடி குட்டையா, முடி நீளமா இருக்கும். முடி நீளமா இருக்கிறதாலதான் கோடு நேரா வருது. பெயின்டும் நிறையப் பிடிக்கும். முடி பின்னாடி இழுபட்டே வர்றதால கையில இருக்கிற சின்ன நடுக்கம் கோட்டுல தெரியாது. எனாமல்ல கொஞ்சம் டர்பன்டைன் கலந்து, பிரஷ்ஷைத் தோய்ச்சு, கெட்டி அட்டையில ரெண்டு பக்கமும் இழுத்து இழுத்துத் தட்டையாக்கணும். பெயின்ட் தண்ணியா இருந்தா ஓடிரும், கெட்டியா இருந்தா பாதியில அறுந்துரும். அந்தப் பதம் பாகு காய்ச்சுற மாதிரி, சொல்லிக் கொடுத்தா வராது, கைக்குத் தெரியணும்.

சுண்டு விரலைத் தகரத்தோட விளிம்புல ஊன்றிக்கணும். மணிக்கட்டை ஆட்டக் கூடாது. உடம்புதான் நகரணும். வேலை முடிஞ்சதும் பிரஷ்ஷைக் கழுவி, எண்ணெய் தடவி, முடி மடங்காம படுக்க வச்சிரணும்.

இதெல்லாம் கை வேலை. கண்ணு எங்க இருக்கணும்கிறதுதான் முக்கியம். பிரஷ் நுனியைப் பார்த்தா கோடு பாம்பாட்டம் நெளியும். போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்க்கணும்னு அண்ணன் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு எங்கப்பாரு ஏர் ஓட்டினது ஞாபகம் வந்துச்சு. அவர் கொழுவைப் பார்க்கவே மாட்டார். எதிர் வரப்புல ஒரு மரத்தைக் குறி வச்சு, அதையே பார்த்துட்டு மாட்டை ஓட்டுவார். சால் நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். ரெண்டு தொழிலுக்கும் சூட்சுமம் ஒண்ணுதான்னு இப்பத்தான் தெரியுது.

இப்ப ஸ்டிக்கர் வந்துருச்சு. அரை மணி நேரத்துல ஒட்டிடலாம், காசும் கம்மி. அண்ணனைக் கூப்பிடுற ஆள் குறைஞ்சு போச்சு. ஸ்டிக்கர் கடைக்காரர் மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லைங்க, அவரும் பிழைக்கணும். ஆனா வெயில்லயும் சேத்துலயும் கெடக்கிற வண்டியில ஸ்டிக்கரோட ஓரம்தான் முதல்ல கிளம்புது. நல்ல எனாமல் கோடு வண்டியோட சேர்ந்தே பழசாகும்.

என் வருத்தம் வேற. கண்ணு போனாலும் அண்ணனோட கைக்கு வேலை தெரியும். அந்தக் கையில இருக்கிறதை இன்னொரு கை வாங்கிக்கலைன்னா அவரோடயே போயிரும். காசு வேண்டாம்னுட்டார். “நீ கத்துக்கிட்டு இன்னொருத்தனுக்குச் சொல்லிக் குடு”ன்னு மட்டும் சொன்னார்.

இப்ப கண்ணாடியில ஒரு முழம் நேரா வருது. அடுத்து எங்க டிரைலர் பலகை. மஞ்சள் கோடு, பக்கத்துலயே ஒட்டுன மாதிரி ஒரு சிவப்பு. நெய்க்காரப்பட்டிப் பக்கம் பழக ஆசை இருக்கிற பசங்க யாராவது இருந்தா வாங்கப்பா. அண்ணனுக்குக் கண்ணு தெரியிறப்பவே வாங்க.